மாப்பிள்ளைக்கு ஆகாத மல்லாட்டை

எங்கள் அம்மா வீட்டு அடுக்களையில் எந்த டப்பாவிலும் அதன்மேல் எழுதியிருப்பது இருக்காது. சத்து பான பாட்டிலில் துவரம்பருப்பு இருக்கும். குழந்தைப் பவுடர் டப்பாவில் கற்பூரம். நெய் டின்னில் பழம்புளி. ஒருமுறை என் பையன் ஃப்ரிட்ஜில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கண்டு சந்தோஷமாகத் திறந்தான். உள்ளே கழுவி வைத்த கறிவேப்பிலை. அவன் அழுத அழுகைக்கு அப்பா பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் நிஜ ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். அந்த டப்பாவையும் அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

இதில் எங்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. அந்த வீட்டில் யாரும் படித்து எதையும் எடுப்பதில்லை. எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கரண்ட் போன நேரத்தில்கூட அம்மா கடுகையும் கேழ்வரகு மாவையும் மாற்றி எடுத்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான் பிழைப்புக்குச் செய்வது லேபிள் அடிக்கிற வேலை. கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த ஊரான விழுப்புரத்தில், பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஊறுகாய், வடகம், மசாலாத்தூள், முறுக்கு பாக்கெட்டுகளுக்கு ஸ்டிக்கர் போட்டுக் கொடுக்கிறேன். பெயர் பெரிதாக வேண்டும், பக்கத்தில் சிரிக்கிற குழந்தை வேண்டும், வாழையிலை வேண்டும் என்று ஆளுக்கொரு ஆசையோடு வருவார்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்துக்கு வந்தால் மட்டும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். எலுமிச்சை ஊறுகாய்க்குப் போட்டதையே நார்த்தங்காய்க்கும் போடச் சொல்வார்கள். நானும் எழுத்துப் பிழை பார்த்து, மூலைக்கு அழகாக அடக்கிப் போட்டு அனுப்பிவிடுவேன். அந்தச் சின்ன எழுத்தை ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்பார் என்பது என் தங்கைக்கு மாப்பிள்ளை வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கும் வல்லத்துக்கும் நடுவில் இருக்கிறது. மானாவாரி நிலம். மல்லாட்டைதான் விளைச்சல். சென்னைக்காரர்கள் அதை வேர்க்கடலை என்பார்கள். எங்களுக்கு அது ஒரு பண்டமே இல்லை, உப்பு மாதிரி. சட்னி என்றால் மல்லாட்டைச் சட்னி. கத்தரிக்காய்க் குழம்பு நீர்த்துப் போனால் வறுத்துப் பொடித்த மல்லாட்டை ஒரு கைப்பிடி. தாளிப்பது, பொரிப்பது எல்லாம் நிலத்து மல்லாட்டையைச் செக்கில் கொடுத்து ஆட்டி வந்த எண்ணெயில். அப்பாவின் சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு பிடி இருக்கும். யாரோடு நின்று பேசினாலும் பேச்சோடு பேச்சாக உடைத்து வாயில் போட்டுக்கொண்டே இருப்பார். அவர் நின்ற இடத்தைத் தொலியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பெண் பார்க்க வந்தார், மல்லாட்டை ஆகாத மாப்பிள்ளை. வானூர்க்காரர், அந்தப் பக்கமே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பஜ்ஜித் தட்டை நீட்டியபோது மரியாதையாக மறுத்து, தனக்கு மல்லாட்டை ஒத்துக்கொள்ளாது, அந்த எண்ணெயும் ஆகாது என்று சொன்னார். நல்ல பையன், ஒளிக்காமல் சொன்னார். எங்கள் காதில்தான் அது சரியாக ஏறவில்லை. பாகற்காய் பிடிக்காது என்பது போல ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். அப்பாவுக்கு லேசாக ரோஷம்கூட வந்துவிட்டது.

"அதெல்லாம் கடை மல்லாட்டைங்க. நம்ம நெலத்துது ஒண்ணும் பண்ணாது," என்றார்.

பண்ணியது. நிச்சயதார்த்தத்தன்று சட்னி, வடை எதையும் தொடாமல் ஜாக்கிரதையாகச் சாப்பிட்டவர், கத்தரிக்காய்க் குழம்பை நம்பி ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டார். அதில் மல்லாட்டைப் பொடி போட்டதை யாரும் சொல்லவில்லை. யாரும் மறைக்கவும் இல்லை. குழம்பில் உப்பு இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் தடித்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இதற்கென்றே பையில் வைத்திருந்த ஊசியை அவரே தொடையில் போட்டுக்கொண்டார். வந்த காரிலேயே திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நேரத்துக்குப் போனதால் பிழைத்தார். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து என் தங்கையைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எங்களுக்கு உயிர் வந்தது.

டாக்டர் என்னை ஓரமாக அழைத்து விளக்கினார். தட்டில் மல்லாட்டை இருந்தால்தான் ஆபத்து என்றில்லை. மல்லாட்டைச் சட்னியைக் கிளறிய கரண்டியை வேறொன்றில் விட்டாலே போதும். அரைத்த மிக்ஸி ஜார், பொரித்த எண்ணெய், பிசைந்த கை எதுவும் போதும். செக்கு எண்ணெய் பக்கமே போகக்கூடாது. அடுத்த முறை இதைவிட மோசமாகவும் வரலாம். அப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். வெளியே போய்ச் சட்டைப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எங்களோடு சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நாங்களும் நாலு வார்த்தை பேசி, அழுது, சமாதானமாகியிருப்போம். அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணச் சாப்பாட்டைத் தங்கள் பக்கமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். கல்யாணம் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையில் ஓர் அடுக்குக் கேரியர் வந்தது. மறுவீட்டுக்கும் கேரியர். ஆடிக்கு அழைத்தபோதும் கேரியர். தண்ணீர்கூட பாட்டிலில் வரும். அவர் சிரித்த முகமாகத்தான் வருவார், சிரித்த முகமாகத்தான் கேரியரைப் பிரிப்பார். அம்மா வாழையிலையை விரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, அதில் வேறு வீட்டுச் சோறு விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"எல்லார் மாப்ளையும் மாமியா வூட்ல வாய் நெறைய சாப்புட்றாங்க," என்று ஒருநாள் போனில் சொன்னாள். "எம் மாப்ளைக்கு ஆஸ்பத்திரியில கெடக்குறவங்களுக்கு வர்ற மாரி கேரியரு வருது. தல தீவாளிக்காவது எங்கையால ஒரு வாய் சாப்புடணும். நீ வந்து இன்னா பண்ணணுமோ பண்ணு."

அம்மா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டுத் தீபாவளிக்கு முந்தைய வாரமே பஸ் ஏறினேன்.

போய் இறங்கினால், வாசலெல்லாம் மல்லாட்டை. ஆடிப்பட்டத்தில் விதைத்தது பறித்து வந்து காய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழைக்குப் பயந்து பாதியைக் கூடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றியும் மல்லாட்டை. முதலில் அதை வெளியேற்ற வேண்டும் என்றேன். அப்பா என்னை வீட்டை இடிக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆனாலும் ஆஸ்பத்திரி ஞாபகம் அவருக்கும் இருந்தது. மூட்டை மூட்டையாக மோட்டார் கொட்டகைக்கு ஏற்றிவிட்டு, அதற்குக் காவலாகத் தானும் அங்கேயே படுத்துக்கொண்டார். வீட்டுக்குள் வரும்போது பையில்லாத பனியனோடுதான் வரவேண்டும் என்று நான் போட்ட சட்டத்துக்கும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்பட்டார்.

அம்மாவுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மல்லாட்டை போடாமல் சமைத்துவிட்டால் போதாதா என்பது அவள் கணக்கு. மிக்ஸி ஜாரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டி, வாசனை வருகிறதா பார் என்பாள். நான் டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி ஓய்ந்துபோனேன். அப்போது அலமாரியின் மேல்தட்டில், மற்றப் பாத்திரங்களோடு ஒட்டாமல் தனியாக இருந்த கவிச்சிச் சட்டியும் அதன் கரண்டியும் கண்ணில் பட்டன. மீனும் கறியும் அதில்தான் ஆகும். புரட்டாசி சனிக்கிழமைகளில் அந்தக் கரண்டியின் நிழல்கூட சாம்பார் மேல் விழ அம்மா விடமாட்டாள். தவறித் தொட்டுவிட்டால் அத்தனையையும் கொட்டிவிட்டுத் தலை முழுகிவிட்டு வந்து புதிதாக உலை வைப்பாள்.

"மா, அவருக்கு மல்லாட்டை தான் கவுச்சி," என்றேன். "அவருக்கு வருசம் பூரா புரட்டாசி சனிக்கெழம."

அம்மா கையில் இருந்த ஜாரைப் பார்த்தாள், கவிச்சிச் சட்டியைப் பார்த்தாள். ஜாரைக் கொண்டுபோய்ப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள்தான் எனக்கு விளக்கினாள். முறுக்கு அச்சு மர அச்சு, எண்ணெய் ஊறியிருக்கும், புதிது வேண்டும் என்றாள். மாவு மிஷினில் கொடுத்து அரைக்க முடியாது, நமக்கு முன்னால் யாராவது சத்துமாவுக்கு மல்லாட்டை போட்டு அரைத்திருப்பார்கள் என்றாள். நல்லெண்ணெய் ஆட்டுவதும் அதே செக்குதானே, எண்ணெய்க் குளியலுக்கும் கடை பாட்டில்தான் வேண்டும் என்றாள். நானே யோசிக்காதது அது. ஊரில் ஆட்டிய எண்ணெயைத் தவிர வேறெதையும் தலையில் வைக்காதவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அவள்மேல் பெருமையாகவும் இருந்தது.

திண்டிவனத்துக்குச் சாமான் வாங்கப் போனேன். வழக்கமான மளிகைக் கடைதான். பொட்டலமாகக் கட்டித் தரும் எதுவும் வேண்டாம், லேபிள் ஒட்டிய பாக்கெட்டாகக் கொடுங்கள் என்றேன். ஒரு கடலை மாவு பாக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றபோது, என்னைப் போல ஒருத்தி எங்கேயோ ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து இதை மூலைக்குள் அடக்கியிருப்பாள் என்று தோன்றியது. அவளைத் திட்டிக்கொண்டே படித்தேன். ஒன்றில், இதே இயந்திரத்தில் நிலக்கடலையும் அரைக்கப்படுகிறது என்று எறும்பு எழுத்தில் இருந்தது. அது வேண்டாம். இன்னொன்றில் அந்த வரி இல்லை, கடலைப்பருப்பு ஒன்றுதான் சேர்மானம். அது ஆகும். பிஸ்கட்டில் "இருக்கலாம்" என்று போட்டிருந்தார்கள். இருக்கலாம் என்றால் எங்கள் மாப்பிள்ளைக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அட்டை நிறைய பாதாம் படம் போட்ட பானத்தில், சேர்மான வரிசையில் சர்க்கரை முதலில் நின்றது, பாதாம் கடைசியில் கூனிக்குறுகி நின்றது. எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது தொழிலில் எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் என் பையனுக்கு அதையே மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, கல்யாணப் பத்திரிகை மாரி வரி வரியா படிச்சிக்கினு இருக்கீங்க," என்றார் கடைக்காரர். தீபாவளிக் கூட்டத்தில் நான் அவர் கடையை அடைத்துக்கொண்டு நின்றேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளை எனக்காகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் பேஜாரு பண்ணாதீங்க என்று சத்தம் போட்டார்கள். சீல் உடையாத சூரியகாந்தி எண்ணெய் கேன் ஒன்றும், நல்லெண்ணெய் பாட்டில் ஒன்றும், புது வாணலி, புது இட்லிப் பானை, மிக்ஸி ஜார், பித்தளை முறுக்கு அச்சு எல்லாமும் வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையை ஒரு சோதனை போட்டேன். செக்கு எண்ணெய்த் தூக்கு, மல்லாட்டைப் பொடி டப்பா, வறுத்த மல்லாட்டை, உருண்டை வெல்லத்தோடு இடித்து வைத்தது எல்லாம் கொட்டகைக்குப் போனது. புது எண்ணெய் கேனை மட்டும் எதனோடும் ஒட்டக்கூடாது என்று உள்அறையில் கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தினேன். அங்கே ஏற்கெனவே பழைய சாமான்கள் கொஞ்சம் இருந்தன. அவற்றின் மேல் எழுதியிருந்ததையும் ஒரு பார்வை பார்த்தேன். மல்லாட்டை என்று எதிலும் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டு, அம்மா பலகாரம் சுட உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு அன்று இரவு வரை கம்பெனியில் வேலை. மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் வருவதாக ஏற்பாடு. கறிக்குழம்புக்கு மண்சட்டி வாங்க மறந்துவிட்டது என்று நான் மறுபடியும் திண்டிவனம் போனேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு வீடு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. தெருமுனையிலேயே முறுக்கு வாசனை வந்து இழுத்தது. உள்ளே போனால் இரண்டு கூடை நிறைய முறுக்கு, ஒரு கூடை அதிரசம். அம்மா கடைசி ஈட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து அவளுக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்கு அடைத்து, குரல் மாறி, ஆனால் முகம் அப்படி ஒரு மலர்ச்சி. நானும் ஒரு முறுக்கை உடைத்து வாயில் போட்டேன். வாழ்நாளெல்லாம் சாப்பிட்ட அதே ருசி.

அந்த ருசியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சூரியகாந்தி எண்ணெயில் அந்த ருசி வராது. ஆனால் பிறந்த வீட்டு வாசனையை யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டாவது முறுக்கையும் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எண்ணெய் கேன் இருந்தது. ஒரு வாரமாகக் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படித்துப் படித்து அது வியாதியாகிவிட்டது. அதையும் படித்தேன். சூரியகாந்தி எண்ணெய், சரி. நிறுவனம், சரி. தயாரித்த மாதம் போன வருஷத்து ஜனவரி.

எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். நான் வாங்கிய கேன் சீலோடு அப்படியே இருந்தது.

அம்மா வீட்டில் நல்ல கேன் எதையும் தூக்கிப் போட்டதில்லை. போன வருஷம் எதற்கோ வாங்கிய அதே கம்பெனி கேன், காலியானதும் செக்குக்குப் போய் எங்கள் எண்ணெயோடு திரும்பி வந்திருக்கிறது. நான் சோதனை போட்டபோது அது கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. லேபிளைப் படித்தேன், சூரியகாந்தி என்றிருந்தது, விட்டுவிட்டேன். அந்த வீட்டில் பிறந்தவள், லேபிளே தொழிலாகக் கொண்டவள், அந்த வீட்டு டப்பாவில் எழுதியிருந்ததை நம்பினேன். அப்பாவைக் கேன் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாள் அம்மா. அவர் முன்னால் இருந்ததை எடுத்து வந்திருக்கிறார். மூக்கு திறந்திருந்தால் மூடியைத் திறந்ததுமே அம்மா கண்டுபிடித்திருப்பாள்.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கேனை அவள் முன்னால் வைத்து, மாதத்தைக் காட்டிச் சொன்னேன். அம்மா கேனைத் தூக்கி, அடைத்த மூக்கைச் சிந்திவிட்டு முகர்ந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோபம் அப்பா மேல் வரும் என்று எதிர்பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்துக் கதவோரமாக நின்றார். முறுக்கை மட்டும் மாப்பிள்ளைக்கு வைக்காமல் விட்டால் போகிறது, மற்றதைச் சாப்பிடட்டும், எதற்கு வெளியே சொல்லிக்கொண்டு என்று மெதுவாக யோசனை சொன்னார்.

"கவுச்சி பட்ட அடுப்புல படையலுக்கு ஆக்குவாங்களா?" என்று முந்தானைக்குள்ளிருந்தே கேட்டாள் அம்மா.

அப்புறம் அவள் எழுந்த வேகத்துக்கு நாங்கள் ஈடுகொடுக்க முடியவில்லை. முறுக்கும் அதிரசமும் கூடையோடு தெருவுக்குப் போயின. ஆகாதவர் உலகத்தில் ஒருத்தர்தான், மற்ற எல்லோருக்கும் அது அமிர்தம். தெருவில் அந்த வருஷம் எங்கள் வீட்டு முறுக்கு தின்னாத வாய் இல்லை. ஒரு கூடையை அப்பா கொட்டகைக்கு எடுத்துப் போனதை நாங்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டோம். புது வாணலியும் புது அச்சும் இப்போது கவிச்சியாகிவிட்டன. எண்ணெய் தெறித்த அடுப்பும் ஆகாது. மழை விட்டதும் அம்மா தோட்டத்தில் மூன்று செங்கல்லை வைத்து விறகு அடுக்கினாள். மீந்தது புது இட்லிப் பானை, மண்சட்டி, புது ஜார், பொங்கிக்கொண்டிருந்த இட்லி மாவு. அந்தக் கிரைண்டர் கல்லில் ஒருநாளும் மல்லாட்டை பட்டதில்லை. இட்லித் துணிக்கு, அப்பாவுக்கு எடுத்த தீபாவளி வேட்டியிலேயே ஒரு சாண் கிழித்துக்கொண்டாள். அன்றைக்கு அப்பா எதுவும் கேட்கும் நிலையில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

விடியற்காலையில் இருவரும் வந்து இறங்கினார்கள். தங்கை கையில் துணிப்பை, மாப்பிள்ளை கையில் கேரியர். பாட்டில் நல்லெண்ணெய் வைத்துக் குளியல் முடிந்தது. புதுத்துணி உடுத்தி வந்து உட்கார்ந்தவர், வழக்கம் போலக் கேரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தலை தீபாவளிக்குப் பலகாரத் தட்டு இல்லாத வீட்டை அவர் கண் ஒரு சுற்றுச் சுற்றியது. அம்மா அவர் எதிரில் வந்து நின்றாள்.

"மாப்ள, ஒரு சேதி சொல்லிட்றேன். அப்புறம் நீங்க எதுல வேணா சாப்புடுங்க," என்றாள். "பலகாரம் பூரா எங்க எண்ணெயில சுட்டுட்டேன். தெரியாம நடந்துபோச்சி. எல்லாத்தியும் தெருவுக்குக் குடுத்துட்டேன். இட்லியும் கொழம்பும் புதுச் சட்டியில வெளிய வெச்சி ஆக்குனது. எனக்குத் தெரிஞ்சி அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நேத்து மத்தியானம் வரைக்கும் அந்த முறுக்குலயும் ஒண்ணும் இல்லன்னு தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிச் சொன்னால் எந்த மனுஷன் சாப்பிடுவான்? தங்கை என்னைப் பார்த்தாள், நான் இட்லிப் பானையைப் பார்த்தேன். மாப்பிள்ளை குழம்புக்கு ஊற்றிய எண்ணெய் கேனைக் கேட்டார். கொண்டு வந்து வைத்தேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள் உறைகளைக் கேட்டார். ஒன்றுவிடாமல் எடுத்து வைத்திருந்தேன், கொடுத்தேன். நான் ஒரு வாரமாகப் படித்ததை அவர் நின்று நிதானமாக, பழகிய கண்ணால் படித்தார். மூடியின் சீல் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். கேரியரைத் தூக்கித் தங்கையிடம் கொடுத்தார்.

"எங்க போனாலும் ஒண்ணும் இல்ல, தைரியமா சாப்புடுங்கன்னு தான் சொல்லுவாங்க, அத்தை," என்றார். "அப்பிடி சொல்ற எடத்துல தான் எனக்குப் பயம். இன்னா நடந்துதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. இட்லி போடுங்க."

அம்மா போட்டாள். மாப்பிள்ளை முதலில் குழம்பை உதட்டில் தொட்டு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு விள்ளல். மறுபடியும் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். தங்கை ஊசியைக் கையில் வைத்திருந்தாள், அப்பா வாசலில் வண்டிச் சாவியோடு நின்றார். அம்மா குனிந்து அவர் முகத்துக்கு நேராகவே பார்த்தாள்.

"அத்தை, வாயையே பாத்துக்கினு நின்னா எப்பிடி சாப்புட்றது," என்றார் மாப்பிள்ளை. அப்போதுதான் நாங்கள் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் இலையில் இட்லி விழுந்துகொண்டே இருந்தது. போதும் என்று அவர் கையை விரித்ததையும் அம்மா மதிக்கவில்லை. அத்தனை மாதத்துக் கடனையும் அன்றைக்கே தீர்த்துவிடுவது என்று இருந்தாள்.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள். அச்சகத்தில் இப்போது பழைய மேட்டரையே போடச் சொல்லி யாராவது வந்தால், என்னென்ன சேர்க்கிறீர்கள், அதே வாணலியில் வேறென்ன வறுக்கிறீர்கள் என்று கேட்காமல் நான் விடுவதில்லை. சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு வேறு அச்சகத்துக்கே போய்விட்டார். முதலாளி என்னை முறைக்கிறார். முறைக்கட்டும். வீட்டில், அம்மாவுக்கு ஒரு கட்டு வெள்ளை ஸ்டிக்கர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டப்பாக்களை அவள் மாற்றவில்லை, அது இந்த ஜென்மத்தில் நடக்காது. ஆனால் எங்கள் எண்ணெய் இருக்கும் எல்லாவற்றிலும், உள்ளே மல்லாட்டை இருக்கும் எல்லாவற்றிலும், 'மாப்பிள்ளைக்கு ஆகாது' என்று எழுதி ஒட்டச் சொன்னாள். மீந்த ஒரு ஸ்டிக்கரை என் பையன் தாத்தாவின் சட்டைப் பை மேல் ஒட்டிவிட்டான். அவரும் அதைக் கிழிக்காமலே டீக்கடை வரை போய் வந்தார்.

பொங்கலுக்கு அவர்கள் வந்தபோது மாப்பிள்ளை கையில் மறுபடியும் கேரியர். அதைக் கண்டதும் அம்மா முகம் விழுந்துவிட்டது. அதை வாங்கி உள்ளே கொண்டு போனாள். தூக்கும்போதே லேசாக இருந்திருக்க வேண்டும். அடுக்களையில் வைத்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினாள். நான்கும் காலி, துடைத்து வைத்தது போலச் சுத்தம். பின்னாலேயே வந்த தங்கை, மாமியார் சொல்லியனுப்பியதைச் சொன்னாள்.

"உங்கம்மாவ அந்தக் கறிக்கொழம்ப கொஞ்சம் எனக்கும் குடுத்தனுப்பச் சொல்லுன்னாங்க."

அம்மா அந்த நான்கு அடுக்கையும் வரிசையாக வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போய்ச் செங்கல்லைத் தட்டிச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.